கரி அடுப்பைப் பார்த்துப் பீர் கேளுங்கள்

இசகாயாவில், அதாவது குடியும் சாப்பாடும் சேர்ந்த ஜப்பானியக் கடையில், போய் உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வரும். கூடவே நாம் கேட்காத ஒரு சின்னக் கிண்ணமும் வரும். அதன் பெயர் ஓதோஷி. வேகவைத்த கீரை, கடற்பாசி, உருளைக்கிழங்கு சாலட் என்று அன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறதோ அது. பில்லில் அதற்கும் காசு உண்டு. மெனுவைத் திறக்கும் முன்பே மேசையில் ஒருவர் "தோரியாஎசு நாமா!" என்று குரல் கொடுத்துவிடுவார். முதலில் எல்லாருக்கும் டிராஃப்ட் பீர், மற்றதெல்லாம் அப்புறம். அசாஹி, கிரின், சப்போரோ, சன்டோரி என்ற நான்கு பெரிய நிறுவனங்களில் ஏதாவது ஒன்றின் லாகர், பல்லில் கூசும் குளிர்ச்சியோடு வந்து நிற்கும்.

அந்த முதல் கிளாஸில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தோக்கியோவின் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கி வருகிறவருக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. என் கவலையெல்லாம் இரண்டாவது கிளாஸிலிருந்துதான். சாப்பாடு மாறிக்கொண்டே போகும்: பச்சை மீன், கரியில் சுட்ட கோழி, எண்ணெயில் பொரித்தது, மிசோ என்ற சோயா விழுதில் கொதித்த குடல். பீர் மட்டும் கடைசிவரை அதே பீர். இவ்வளவு நுணுக்கமாகச் சமைக்கும் ஒரு நாட்டில், பக்கத்தில் இருக்கும் கிளாஸைப் பற்றி யாரும் யோசிக்காமல் இருந்தால் மனசு கேட்பதில்லை.

சிறு ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீர் இருக்கும் கடைக்குப் போனாலும் பலர் நேராக ஐபிஏ என்ற கசப்பு தூக்கலான வகையைக் கேட்கிறார்கள். பீர் ரசிகர்களின் பேச்சில் பாதி, பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவைப் பற்றித்தான்: எந்த வகை, எத்தனை முறை போட்டார்கள், மாம்பழ வாசனையா, பைன் மர வாசனையா. இசகாயா சாப்பாட்டுக்கு முன்னால் உட்காரும்போது இதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மால்ட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முளைகட்டி, உலர்த்தி, சில சமயம் கருகும்வரை வறுத்த பார்லி. ஜப்பானியச் சமையலறையில் இருக்கும் சோயா சாஸ், மிசோ, மிரின் என்ற இனிப்பு அரிசி மது, கரி அடுப்பு எல்லாவற்றோடும் பேசக்கூடியது அதுதான்.

இந்தச் சிறு பீர் ஆலைகள் எல்லாம் எப்படி வந்தன என்று சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். 1994-க்கு முன்பு ஜப்பானில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டுமென்றால் ஆண்டுக்குக் குறைந்தது 2,000 கிலோலிட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர் தயாரிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களைத் தவிர வேறு யாரால் முடியும்? அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி அதை 60 கிலோலிட்டராகக் குறைத்தார்கள். மறு ஆண்டே நீகாத்தாவில் எச்சிகோ பீர் தொடங்கியது. பிறகு ஊருக்கு ஊர் 'ஜி-பீர்' என்ற பெயரில் முளைத்தன. சுற்றுலாப் பயணிகள் ஊருக்கு வாங்கிப்போகும் பொருளாக நினைத்துத் தொடங்கியவை அவற்றில் பல. விலை அதிகம், தரம் சுமார். பத்து வருடத்துக்குள் பல கடைகள் மூடின.

நிலைத்து நின்றவற்றில் எனக்குப் பிடித்த ஒரு கூட்டம் உண்டு. அவை சாக்கே என்ற அரிசி மது காய்ச்சிய பழைய குடும்பங்கள். இபாராக்கி மாநிலத்தின் கியுச்சி, 1823-இல் சாக்கே வடிக்கத் தொடங்கி, 1996-இல் பீருக்கு வந்த வீடு. ஆந்தைப் படம் போட்ட ஹிடாச்சினோ நெஸ்ட் அவர்களுடையதுதான். நாகானோ மலைப்பக்கத்து தமாமுரா ஹோன்டென் 1805-இலிருந்து சாக்கே காய்ச்சுகிறது. 2004-இல் ஷிகா கோகென் பீரைத் தொடங்கினார்கள். ஹாப்ஸைத் தாங்களே பயிரிடுகிறார்கள். வடக்கே இவாத்தேயில் சேக்கினோஇச்சி என்ற சாக்கே வீடு இவாத்தே குரா பீர் காய்ச்சுகிறது. சாக்கே குளிர்காலத்து வேலை. மற்ற மாதங்களில் ஆளும் தொட்டியும் சும்மா இருக்கும் என்பதால் பீர் அவர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கும். ஆனால் எனக்குத் தோன்றுவது வேறொன்று. சாக்கே காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர்கள் எதைக் காய்ச்சினாலும், பக்கத்தில் ஒரு தட்டு இருக்கும் என்று நினைத்துத்தான் காய்ச்சுகிறார்கள். ஷிகா கோகெனின் மியாமா பிளாண்டைக் குடித்துப் பார்த்தால் தெரியும். சாக்கேக்காக விளைவிக்கும் மியாமா நிஷிகி அரிசியைச் சேர்த்து வடித்த பீர் அது. பீரின் உடம்பு மெலிந்து, முடிவு இனிப்பின்றி உலர்ந்து, வாயில் அடுத்த கவளத்துக்கு இடம் விட்டுப்போகும்.

சரி, தட்டுக்கு வருவோம்.

எடமாமே என்ற இளம் சோயாக்காய், குளிர்ந்த தோஃபு, கிராம்பளவு இஞ்சி துருவல், பச்சை வெங்காயம். இவற்றோடு ஒரு நல்ல பில்ஸ்னர், அதாவது வெளிர் லாகர், போதும். கவாகோஎ ஊரின் கோஎடோ நிறுவனத்து ரூரி அப்படி ஒன்று. இங்கே வேலை எளிது, தாண்டிப் போகலாம்.

சஷிமிதான் கடினம். பச்சை மீனின் சுவை மிக மெல்லியது, அதன் எண்ணெயோ பிடிவாதமானது. தவறான பானம் சேர்ந்தால் கவிச்சி கிளம்பும். சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிடும்போது வரும் அந்த வாடைக்கு ஒயினில் உள்ள இரும்புதான் காரணம் என்று ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். உலர்ந்த ஸ்காலப் சிப்பியைப் பலவகை ஒயின்களில் ஊறவைத்து முகர்ந்து பார்த்த ஆய்வு அது. பீரில் இரும்பு மிகக் குறைவு. அது நுரையையும் சுவையையும் கெடுக்கும் என்பதால் காய்ச்சுகிறவர்களே தண்ணீரில் இரும்பு சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் மீன் பக்கத்தில் பீர் பத்திரமான பானம். ஆனால் ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வேண்டாம். தை மீனோ ஹிராமே மீனோ இருக்கும் இடமே தெரியாமல் அது மூடிவிடும்.

நான் இந்த இடத்தில் கேட்பது பெல்ஜிய பாணி வெள்ளை பீர். ஹிடாச்சினோ நெஸ்ட் வொயிட் ஏலில் கோதுமை, தனியா, ஆரஞ்சுத் தோல், ஜாதிக்காய் எல்லாம் உண்டு. தோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் வீடு எடுத்திருக்கும் மதுரைத் தம்பி ஒருவனை முதன்முதலாக இசகாயாவுக்குக் கூட்டிப்போனபோது அவன் கேட்டான்:

"அண்ணே, கசக்காத பீரே கிடையாதாண்ணே?"

"இருக்குடா. இதக் குடிச்சுப் பாரு."

ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டான். "மல்லி வாசம் வருதேண்ணே! எங்க அம்மா வறுத்து அரைக்கிற மாதிரி."

அவன் சொன்னது சரி. தனியா வாசனை தெரிந்த மூக்குக்கு இந்த பீரைப் புரிந்துகொள்வதில் தொல்லையே இல்லை. அதன் ஆரஞ்சு மணம், மீனின் மேல் எலுமிச்சை பிழியும் வேலையைச் செய்துவிடுகிறது. கோதுமையின் மென்மை மீனின் எண்ணெயோடு சண்டை போடுவதில்லை. மீனோடு வைக்கும் பச்சை விழுதான வசாபியின் காரம் மூக்குக்கு ஏறி ஒரு நொடியில் இறங்கிவிடும் இனம், மிளகாய் மாதிரி நாக்கில் தங்காது. அது இறங்கும் நேரத்தில் வாயில் நுரை இருந்தால் அந்த இறக்கம் இன்னும் சுகமாக இருக்கும். ஷுசென்ஜியில் இருக்கும் பேர்ட் நிறுவனம் வசாபியும் பச்சைத் தேயிலையும் சேர்த்தே ஒரு பேல் ஏல் காய்ச்சுகிறது, பெயர் வாபி-சாபி. வசாபி விளையும் இசு தீபகற்பத்துக்காரர்கள் அல்லவா, கைக்கு எட்டியதைப் போடுகிறார்கள்.

சோராச்சி ஏஸ் என்ற ஹாப்ஸையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சப்போரோ நிறுவனம் 1984-இல் ஹொக்காய்டோவில் உருவாக்கிய வகை. எலுமிச்சையும் சோயிக்கீரையும் தேங்காயும் கலந்தது போன்ற வாசனை. உள்நாட்டில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவுக்குப் போய், அங்கே யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்து, சிறு பீர் ஆலைகளால் புகழ்பெற்று, பிறகுதான் திரும்ப ஜப்பானியர்கள் கண்ணில் பட்டது. இந்த ஹாப்ஸ் போட்ட லேசான பீர் கிடைத்தால், வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தி, அதாவது ஷிமே சபாவோடு கேளுங்கள். ஹாப்ஸ் வேண்டாம் என்று சொன்ன நானே பரிந்துரைக்கும் விதிவிலக்கு இது.

இனி கரி அடுப்பு. இசகாயாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைப்பவன் நான். கல்லாப்பெட்டி ஓரமாக நீளமான ஒடுங்கிய அடுப்பு, அதற்குப் பின்னால் துண்டு கட்டிய தலையோடு ஒருவர். அவரைத் 'தாய்ஷோ' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வசதியுள்ள கடையென்றால் கரி பின்ச்சோதானாக இருக்கும். வாகாயாமா பக்கத்து உபாமே ஓக் மரத்தைச் சுட்டு எடுப்பது. தட்டினால் உலோகம் போலக் கணீரென்று ஒலிக்கும். அந்தக் கரி அதிகம் புகைவதில்லை. யாக்கிதோரியில் நமக்கு வரும் புகைமணம், கோழியின் கொழுப்பு உருகிக் கரிமேல் சொட்டி எழுவது.

குச்சியில் குத்திய கோழிக்கு இரண்டு வழி: ஷியோ, அதாவது வெறும் உப்பு, தாரே, அதாவது சோயா சாஸ், மிரின், சாக்கே, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய பாகு. எந்த பீர் என்று கேட்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சுக்கறியா கல்லீரலா என்பதைவிட, உப்பா பாகா என்பதுதான் கிளாஸைத் தீர்மானிக்கிறது.

உப்பு போட்ட குச்சிகளுக்கு பேல் ஏல் பிரமாதமாகப் பொருந்தும். உப்பு கசப்பை அமுக்கும் என்பது சமையலறையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான், பாகற்காயில் உப்புத் தடவி வைப்பதில்லையா. பீரின் கசப்பு அப்படி ஒரு படி இறங்கி, ஹாப்ஸின் ஆரஞ்சு வாசனை மட்டும் மேலே நிற்கும். கருயிசாவாவின் யோஹோ நிறுவனம் 1997-லிருந்து விற்கும் யோனா யோனா ஏல், அமெரிக்க கேஸ்கேட் ஹாப்ஸ் போட்டது, 5.5 சதவீதம். மொறுமொறுவென்று சுட்ட கோழித்தோலுக்கும், நறுக்கென்று கடிபடும் கோழிக்கல்லுக்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் குடிக்கவில்லை. தோலின் கொழுப்பை வாயுக்குமிழ்கள் வழித்தெடுக்க, அடுத்த குச்சிக்கு வாய் தயாராகிவிடும்.

பாகு போட்டது வந்ததும் கிளாஸை மாற்ற வேண்டும். இங்கேதான் மால்ட்டின் ஆட்சி. தாரே பூசிய கோழி நெருப்பில் பழுப்பாவது, புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கும் வினையால். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்ததால் மயார் வினை என்று பெயர். பார்லியை மால்ட் ஆக்கும்போது சூளையில் நடப்பதும் அதே வினைதான். வெளிர் மால்ட்டைச் சுமார் 80 டிகிரியில் உலர்த்துவார்கள், கறுப்பு மால்ட்டை 200 டிகிரியைத் தாண்டி வறுப்பார்கள். சோயா சாஸ் மாதக்கணக்கில் ஊறிக் கறுப்பதிலும் இந்த வினைக்குப் பங்குண்டு. ஆக, குச்சியிலும் கிளாஸிலும் ஒரே குடும்பத்து மணங்கள். ஒரு ஆம்பர் ஏலோ பிரவுன் ஏலோ கையில் இருக்கும்போது தாரே போட்ட நெகிமாவைக் கடித்துப் பாருங்கள். கோழியும் வெங்காயத்தண்டும் மாறி மாறிக் குத்திய குச்சி. எங்கே பாகு முடிகிறது, எங்கே பீர் தொடங்குகிறது என்று நாக்குக்குத் தெரியாத ஒரு கணம் வரும். அந்தக் கணத்துக்காகத்தான் நான் இந்தக் கடைகளுக்குப் போகிறேன்.

கல்லீரலுக்கு இன்னும் கறுப்பாகப் போகலாம். கோழிக் கல்லீரலில் லேசான கசப்பும் இரும்பு ருசியும் உண்டு. பேர்டின் குரோஃபுனே போர்ட்டர் மாதிரி வறுத்த மால்ட்டின் காப்பிக் கசப்பு அதைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். முட்டைக்கரு தொட்டுச் சாப்பிடும் ட்சுகுனே என்ற கோழிக்கறி உருண்டைக்கும் அதுவே. பேர்ட் நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அமெரிக்கரான பிரையன் பேர்டும் ஜப்பானியரான சயூரி பேர்டும் 2000-இல் நுமாசுவின் மீன்பிடித் துறைமுகத்தருகே தொடங்கியது. ஹராஜுக்குவில் இருக்கும் அவர்களுடைய கடையில் பர்கரும் பிரெஞ்சு ஃப்ரையும் முன்னிறுத்தாமல், கரி அடுப்பைப் போட்டுக் குச்சிக்கறி சுடுகிறார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

புகை பிடித்தவர்கள், அதாவது புகைச்சுவை பிடித்தவர்கள், யாமானாஷியின் ஃபுஜிசாகுரா ஹைட்ஸ் காய்ச்சும் ரவுக் பீரைத் தேடலாம். ஜெர்மனியின் பாம்பெர்க் பாணியில், மரப்புகையில் உலர்த்திய மால்ட். இலையுதிர் காலத்தில் சன்மா மீனை உப்புப் போட்டுச் சுட்டு, முள்ளங்கித் துருவலோடு வைப்பார்கள். அந்த ஒரு தட்டுக்கு இந்த ஒரு பீர். மற்ற எதனோடும் நான் அதைக் கேட்பதில்லை, முழு மேசையையும் அது ஆக்கிரமித்துவிடும்.

பொரித்தவைதான் ஐபிஏவின் இடம். கராகேயில் இஞ்சி, பூண்டு, சோயா சாஸில் ஊறிய கோழித்தொடை, மேலே உருளைக்கிழங்கு மாவு. எண்ணெயும் உப்பும் சூடும் ஒன்றாக வரும்போது கசப்பு தேவைப்படுகிறது. யோஹோவின் இந்தோ நோ அஓஓனி, 7 சதவீத ஐபிஏ, இங்கே தன் முழு உயரத்தில் நிற்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். நாகோயாவின் தெபாசாக்கி போல மிளகு தூக்கலான இறக்கைகளோடு கடும் கசப்பு பீர் சேர்ந்தால் காரம் இன்னும் முறுக்கிக்கொள்ளும். காரம் பழகிய நமக்கு அது பிடிக்கும். ஜப்பானிய நண்பர்களுக்குச் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி நான் பீரைக் கீழே வைக்கும் இடம். தாஷி. கொம்பு கடற்பாசியும், கட்சுஓபுஷி என்ற உலர்ந்த சூரை மீன் சீவலும் சேர்த்து எடுக்கும் தெளிந்த ரசம். 1908-இல் இக்கேதா கிக்குனாஎ உமாமி என்று பெயரிட்டது இந்தக் கொம்புக் கொதிநீரில் கண்ட சுவையைத்தான். சட்டியில் கொதிக்கும் ஓடென், அகேதாஷி தோஃபு, தாஷிமாக்கி முட்டை எல்லாம் இதன் மேல் நிற்பவை. தாஷியின் அழகு, அது விழுங்கிய பிறகு மெல்ல விரிவது. பீரின் வாயுவும் கசப்பும் அந்த விரிவை நடுவில் வெட்டிவிடுகின்றன. மியாமா பிளாண்ட் போன்ற அரிசி பீர் ஓரளவு தாங்கும். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: ஓடென் சட்டி வந்துவிட்டால் வெதுவெதுப்பான சாக்கே கேளுங்கள். எல்லாத் தட்டுக்கும் பீர் உண்டு என்று சொல்லும் பட்டியல்களை நான் நம்புவதில்லை.

மிசோ வேறு கதை. அதன் கனத்துக்கு பீர் ஈடுகொடுக்கும். குடலை மணிக்கணக்கில் மிசோவில் கொதிக்கவிட்ட மொட்சு நிக்கோமியோடு கோஎடோவின் ஷிக்கோக்கு கறுப்பு லாகர் எனக்குப் பிடித்தமானது. வறுத்த மணம் உண்டு, உடம்பு பாரமில்லை. நாகோயாவின் கின்ஷாச்சி பீர் அந்த ஊர்ச் சிவப்பு மிசோவைப் போட்டே லாகர் காய்ச்சுகிறது. கோஎடோவுக்கு பெனியாக்கா என்று இன்னொன்றும் உண்டு, கவாகோஎயின் சக்கரைவள்ளிக் கிழங்கைச் சேர்த்தது, 7 சதவீதம். பன்றி வயிற்றுக்கறியை இனிப்புச் சோயாவில் வேகவைத்த ககுனி இருந்தால் அதைக் கேளுங்கள்.

இப்படி மிசோவும் கிழங்கும் மீனும் போட்டுக் காய்ச்சியதை பீர் என்று சொல்வதற்குச் சட்டத்தில் நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. 67 சதவீதத்துக்குக் குறையாமல் மால்ட் இருந்தால்தான், அதுவும் குறிப்பிட்ட சில துணைப்பொருட்களை மட்டும் சேர்த்தால்தான், 'பீர்' என்று லேபிள் ஒட்டலாம். தனியா போட்டால்கூட அது சட்டப்படி 'ஹப்போஷு'. ஹப்போஷு என்றாலே மலிவுச் சரக்கு என்று மக்கள் நினைத்த காலத்தில், நேர்த்தியாகக் காய்ச்சிய வெள்ளை பீர் அந்த லேபிளைச் சுமந்து நின்றது எனக்கு இன்றும் வருத்தம். 2018 ஏப்ரலில் விதி மாறியது. மால்ட் 50 சதவீதம் போதும். பழம், மசாலா, மூலிகை, தேயிலை, சிப்பி, கொம்பு, கட்சுஓபுஷி, மிசோ எல்லாம் மால்ட் எடையில் 5 சதவீதம்வரை சேர்க்கலாம். சமையலறை அலமாரியையே சட்டம் உள்ளே விட்டது என்று சொல்லலாம். யோஹோ கட்சுஓபுஷி போட்டு ஐபிஏ காய்ச்சியது. இவாத்தே குராவின் சான்ஷோ ஏலில் சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகின் எலுமிச்சை மணம் கச்சிதமாக ஏறியிருக்கும். விலாங்கு மீனுக்கும் தாரே போட்ட குச்சிக்கும் ஜப்பானியர்கள் தூவும் அதே சான்ஷோ. அவர்களுடைய சிப்பி ஸ்டவுட்டையும் விடாதீர்கள். சான்ரிக்கு கடற்கரைச் சிப்பியைப் போட்டு வடித்தது, ஓட்டோடு சுட்ட சிப்பிக்கு இணையாக.

கடைக்குப் போனால் கவனிக்க வேண்டியவை இரண்டு. கிராஃப்ட் பீரின் ஒரு பைண்ட் ஆயிரம் யென்னைத் தாண்டும், அதனால் சின்ன கிளாஸாகக் கேளுங்கள். தட்டுக்குத் தட்டு மாற்றிக் குடிக்கவும் அதுதான் தோது. இன்னொன்று, குளிர்ச்சி. கறுப்பு பீரோ பிரவுன் ஏலோ வந்தவுடன் குடிக்காமல், உள்ளங்கையில் பிடித்துக் கொஞ்சம் காத்திருங்கள். உறையும் குளிரில் மால்ட் வாயைத் திறக்காது. தோக்கியோவில் பல வகையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ரியோகோக்குவில், சுமோ அரங்கம் இருக்கும் வட்டாரத்தில், போப்பாய் இருக்கிறது. ஏராளமான பீர் குழாய்கள், ஜப்பானியச் சிறு பீர் ஆலைகளுக்குத் தொடக்க காலத்திலேயே இடம் கொடுத்த கடை. அங்கே போய் முதலில் மெனுவின் சாப்பாட்டுப் பக்கத்தைப் பாருங்கள், பீர் பலகையை அப்புறம் நிமிர்ந்து பார்க்கலாம்.

கடைசியாக ஷிமே வரும். சாப்பாட்டை முடித்துவைக்கும் சோறோ நூடுல்ஸோ. சுட்ட ஓனிகிரிச் சோற்றுருண்டை, அல்லது சோற்றின் மேல் தேநீரோ தாஷியோ ஊற்றிய ஓச்சாசுக்கே. இதோடு இன்னொரு பீர் கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு, நான் கேட்பதில்லை. சூடான தேநீர் கேட்டால் போதும், பல கடைகளில் அதற்குக் காசு வாங்குவதில்லை.